கொற்கைத் துறையும் கள்ளுண் பாக்கமும்

அரசனின் வஞ்சினம் ஒன்றினுள்ளே பெயர் பொறிக்கப்பெற்ற புலவர் மாங்குடி மருதனார். தலையாலங்கானத்துப் போருக்கு முன் பாண்டியன் நெடுஞ்செழியன் உரைத்த சூள் புறநானூற்றின் 72ஆம் பாட்டாக நிற்கிறது. இளையன் என்று தன்னை எள்ளியவர்களைப் போரில் சிதைத்து, அவர்தம் முரசோடு அவர்களையும் கைப்பற்றாவிடில் தனக்கு வரவேண்டிய கேடுகள் மூன்று என்கிறான் அவன். குடிமக்கள் கொடியன் என்று தூற்றட்டும். மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர் தன் நாட்டைப் பாடாது நீங்கட்டும். இரப்போர்க்குக் கொடுக்க இயலாத வறுமை வந்து சேரட்டும்.

மண்ணையும் மகுடத்தையும் பணயம் வைத்த மன்னர் பலர். பாட்டைப் பணயம் வைத்தவன் இவன். போரில் அவன் வென்றான். ஆகவே பாட்டும் தொடர்ந்தது. ஆனால் மருதனாரின் நிலை எளிதன்று. எந்தப் பாட்டு நின்றுவிடக்கூடாது என்பதற்காகவும் அந்தப் போர் நடந்ததோ, அந்தப் பாட்டை வென்றவன் முன் நின்று பாடவேண்டியவர் அவர். வாகை பாடியிருக்கலாம். அவர் எடுத்துக்கொண்டது நிலையாமை கூறும் காஞ்சித்திணை. பத்துப்பாட்டுள் மிக நீண்டதாகிய மதுரைக்காஞ்சி 782 அடிகளில் அவ்வாறு எழுந்தது.

அந்நூலை மதுரை நகரின் வருணனைக்காகப் படிப்போர் மிகுதி. நாளங்காடியும் அல்லங்காடியும் விழாக்களும் மேற்கோளாகக் காட்டப்பெறாத மதுரை வரலாறு இல்லை. ஆயின் மதுரைக்குள் நுழையுமுன் அப்பாட்டு ஒரு துறைமுகத்தையும், அதனருகே கள்ளுண்போர் வாழ்ந்த ஒரு சிற்றூரையும் தொட்டுச் செல்கிறது. அந்தச் சிற்றூருக்கு அது ஒதுக்கும் இடம் ஓர் அடிதான். அந்த ஓர் அடியிலிருந்து பாட்டு முழுவதையும் திரும்பப் பார்க்கும்போது, போரும் கள்ளும் எங்கும் பிரியாமல் உடன் செல்வது தெரியவரும்.

முதலில் போர். நக்கீரர் அகநானூற்றின் 36ஆம் பாட்டில் எதிர்நின்ற எழுவரையும் நிரலே கூறுகிறார்: சேரன், சோழன், திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன். இவ்வெழுவருள் எருமையூரனுக்கு அவர் இடும் அடைமொழி, நாரால் வடிக்கப்பட்ட நறவை உடையவன் என்பது. எதிரியை அடையாளம் காட்டவும் கள்ளே பயன்பட்டிருக்கிறது! போர் நிகழ்ந்த தலையாலங்கானம் இன்றைய திருவாரூர்ப் பகுதியில் உள்ள தலையாலங்காடு என்பர். பாண்டியன் அப்போது எத்துணை இளையன் என்பதை இடைக்குன்றூர் கிழார் புறநானூற்றின் 77ஆம் பாட்டில் காட்டுகிறார். காற்கிண்கிணி அண்மையில்தான் நீங்கிற்று. தாலி இன்னும் களையப்படவில்லை. பாலை விட்டுச் சோறு உண்டது இன்றுதான். மிகைப்படக் கூறல்தான் இது. எனினும் பால் மறந்த அச்சிறுவனை மருதனார் தம் பாட்டின் இறுதியில் எங்கே கொண்டு நிறுத்துகிறார் என்பதைக் காணும்போது இச்செய்தி நினைவில் இருப்பது நன்று.

மதுரைக்காஞ்சியின் தொடக்கப் பகுதியில் ஒரு துறைமுகம் வருகிறது. அது வெல்லப்பட்ட துறைமுகம். வளைந்த அலைகளைக் குறுக்கே பிளந்து, கடுங்காற்றோடு, பாய்விரித்த பெருநாவாய்கள் முரசு முழங்கக் கரை சேர்கின்றன. நாட்டார் நுகரப் பொன்னும் விழுப்பண்டமும் இறங்குகின்றன. மேகம் சூழ்ந்த மலைகள் போலக் கப்பல்கள் துறையில் அசைந்து நிற்கின்றன. ஆழ்கடலே அவ்வூருக்கு அகழி. இத்தனையும் சொல்லிவிட்டு, இத்தகைய ஊரைக் கொண்டவனே என்று மன்னனை விளிக்கிறார் புலவர். நெல்லின் பெயர் கொண்ட அவ்வூரைச் சாலியூர் என்று கொள்வர் உரைகாரர். வணிகத்தின் முழக்கமும் வெற்றியின் முழக்கமும் ஒரே முரசிலிருந்து எழுவது போன்ற அமைப்பு இது. துறைமுகத்தைப் பற்றிய வருணனையாகத் தொடங்குவது, அதைப் பறித்தவனின் புகழாக முடிகிறது.

அதன்பின் சில பத்து அடிகள் கடந்து வருவது கொற்கை. இது பறித்த ஊரன்று. பாண்டியனின் சொந்தத் துறை. மதுரையிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, பொருநை கடலொடு கலக்கும் இடத்தில் இருந்தது. முதிர்ந்து விளைந்த முத்து. ஒளிரும் சங்கினை உடைய பெரிய சேரி. கள்ளை உணவாகக் கொண்டோர் குடியிருக்கும் பாக்கம். இவற்றை உடைய நல்ல கொற்கையோர் விரும்பும் வீரனே என்று செல்கிறது பாட்டு. அவ்வளவே. மேலே ஒரு சொல்லும் இல்லை.

கள்ளை உணவாகக் கொண்டோர் என்னும் பொருளைத் தருவது அங்குள்ள கொண்டி என்னும் சொல். மதுரைக்காரராகிய நச்சினார்க்கினியர் அதற்கு உணவு என்று பொருள் கூறினார். பிற்கால அகராதிகளும் அதையே ஏற்றன. பொருத்தமான உரைதான். ஆனால் சங்க நூல்களில் அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: பகைவர் நாட்டிலிருந்து கொள்ளையாகக் கொண்டது. பட்டினப்பாலையில் மன்றத்து விளக்கேற்றும் கொண்டி மகளிர், போரில் பிடித்து வரப்பட்ட பெண்கள். கொள்ளப்பட்டது என்பதே இரண்டுக்கும் அடி. ஊரைக் கொண்டவன் என்று மன்னனைப் பாடிய அதே புலவர், கள்ளைக் கொண்டியாக உடையோர் என்று குடிகளைப் பாடுகிறார். அவர் சிலேடை செய்தார் என்று கூறுவது துணிச்சல். உரைகாரர் வழியை விட்டு விலக வேண்டியதில்லை. எனினும் போர்க்காலத்துக் காதுகளுக்கு அச்சொல்லில் இரண்டு ஒலியும் கேட்டிருக்கும் என்பதை மறுப்பதும் கடினம்.

கொற்கையைப் பற்றிப் பாட்டுக்கு வெளியேயும் சான்றுகள் உள்ளன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் அவ்வூரைக் கொல்கி என்று குறித்து, பாண்டியர்க்குரிய அம்முத்துச் சலாபத்தில் தண்டனை பெற்ற குற்றவாளிகளே முத்துக் குளித்தனர் என்று கூறுகிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் கொல்கியையும் பாண்டியன் தலைநகர் மதுரையையும் குறித்தார். 1870களில் கால்டுவெல் கொற்கையில் நிலத்தை அகழ்ந்து பார்த்து, கடல் பின்வாங்கியதை எழுதினார். 1968-69இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது எழுத்துப் பொறித்த பானையோடுகளும் அறுத்த சங்குத் துண்டுகளும் கிடைத்தன. கரித்துண்டு ஒன்றின் ஆய்வு கி.மு. 785ஐ ஒட்டிய காலத்தைக் காட்டிற்று. மருதனார் ஒளிரும் சங்கு என்று பாடியது அலங்காரமன்று, அத்தெருவின் தொழில்.

பெரிப்ளூஸ் கூறும் குற்றவாளிகள் மருதனார் பாட்டில் இல்லை. அவர் காட்டுவோர் மன்னனை விரும்பும் மக்கள். ஆழ்கடலில் மூச்சடக்கி மூழ்கி எழுவோர்க்குக் கள் உணவாயிற்று என்றால் அது களிப்பின் அடையாளமா, உழைப்பின் கூலியா என்பதைப் பாட்டு பேசாது. கரையிலிருந்து எழுதிய கிரேக்கனும் அரண்மனையிலிருந்து பாடிய புலவரும் ஒரே பாக்கத்தை இரு வேறாகக் கண்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பாக்கத்தில் கள் எவ்வாறு விளைந்தது என்பதை மதுரைக்காஞ்சி விளக்கவில்லை. பனை மிகுந்த கரை அது. பாளையிலிருந்து வடிந்த கள்ளாகவே அது இருந்திருக்கக்கூடும். அதற்கு அடுப்பும் சாடியும் வேண்டா. கலயத்தில் விழுந்த சிறுபொழுதிலேயே தானாகப் புளிக்கத் தொடங்கும். அரிசியிலிருந்து கள் சமைக்கும் முறையை அறிய வேறொரு நாட்டின் கடற்கரைக்குச் செல்லவேண்டும். தொண்டைநாட்டு இளந்திரையன்மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, பரிசில் பெறச் செல்லும் பாணனை வழிநெடுக விருந்துண்ணச் செய்கிறது. அவ்வழியில் வலைஞர் குடியிருப்பு ஒன்று உண்டு. அங்கே கள் அடும் முறையை ஒரு சமையற்காரியின் கவனத்தோடு எழுதியிருக்கிறார் புலவர்.

குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்குகிறார்கள். வாயகன்ற தட்டுப் பிழாவில் இட்டு ஆற்றுகிறார்கள். அதில் நல்லடையைக் கலக்கிறார்கள். நெல்முளையை இடித்துச் சேர்ப்பது என்று இதனை விளக்குவர். பின்னர் இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயை உடைய சாடியில் வைக்கிறார்கள். பச்சை நாற்றம் போய் முற்ற விளைந்தபின் வெந்நீர் விட்டு விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். உடன் உண்ணச் சுட்ட மீன்.

இதில் வியப்பதற்குரியது முளை. அரிசியின் மாவுப்பொருள் நேரே கள்ளாவதில்லை. முதலில் சருக்கரையாக மாறவேண்டும். முளைவிடும் தானியத்தில் சுரக்கும் நொதிகள் அம்மாற்றத்தைச் செய்கின்றன. அதன் பின்னரே நுண்ணுயிர்கள் சருக்கரையைக் கள்ளாக்குகின்றன. ஐரோப்பியர் வாற்கோதுமையை முளைக்கட்டிப் பீர் வடிப்பதும் இதே நெறி. அந்நெறியைப் பெயரிட்டு அறியாமலே கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர் வலைஞர் மகளிர்.

அந்த நல்லடையின் தோற்றத்துக்கு உருத்திரங்கண்ணனார் காட்டும் உவமை, பாம்பு உறையும் புற்றினுள் இருக்கும் குரும்பி. கரையான் புற்றை வெட்டியவர்க்குத் தெரியும். உள்ளே துளைதுளையாய், பொறையாய், வெண்பொடி படிந்த ஒரு அடை கிடைக்கும். கரையான் பூஞ்சை வளர்க்கும் தோட்டம் அது. ஈரத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் முளைத் தானியமும் அவ்வாறே தோன்றும். உவமை தேடிப் புத்தகத்துக்குப் போகாமல் வேலியோரப் புற்றுக்குப் போன கவிஞர் அவர். கவிதை எழுதுவோர் இவ்வொரு உவமைக்காகவே அப்பகுதியை ஒருமுறை படிக்கலாம்.

அதே பாணன் இன்னும் சற்றுச் சென்று நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தை அடைகிறான். வடதிசைப் பண்டங்களோடு வெண்பிடரிக் குதிரைகளைக் கொணர்ந்த நாவாய்கள் அங்கே சூழ்ந்து நிற்கின்றன. பட்டினத்தின் பக்கத்தில் தங்கினால் கள் விற்கும் வீடு ஒன்று. வாயிலில் பசுங்கொடி அசைகிறது. பலர் புகுந்து வருகிறார்கள். முற்றத்தில் செம்பூக்கள் தூவிக் கிடக்கின்றன. கள் அடும் மகளிர் வள்ளங்களைக் கழுவிய நீர் வழிந்து குழம்பாகிய சேற்றில் பன்றிகள் புரள்கின்றன. நெல்மாவு தீற்றிக் குழியில் நிறுத்தி வளர்த்த ஆண்பன்றியின் கொழுப்புத் தசையோடு அங்கே முதிர்ந்த நறவு கிடைக்கும். கொற்கைப் பாக்கத்தைப் பார்க்க விரும்புவோர்க்கு இதைவிட அருகில் ஒரு சித்திரம் கிடைப்பதற்கில்லை. துறைமுகம் எங்கிருந்ததோ அங்கே கள்ளடு வீடும் இருந்திருக்கிறது. கப்பலோட்டியும் வலைஞனும் சுமையிறக்குவோனும் மாலையில் எங்கே செல்வார்கள்?

மதுரைக்காஞ்சியில் இவ்வகைக் கொடி மதுரைத் தெருவிலேயே பறக்கிறது. நகரத்துக் கொடிகளை மருதனார் வகைப்படுத்துகிறார்: விழாவுக்கு எடுத்த கொடி; பகைவர் அரண்களைக் கைப்பற்றக் கைப்பற்ற நாள்தோறும் எடுத்த கொடி; புலால் நாறக் கொன்று படைகளை ஓட்டிப் புகழ்செய்து எடுத்த வெற்றிக்கொடி; அவற்றோடு கள்ளின் களிப்பைக் கூறும் கொடி. மலைச்சாரலில் விழும் அருவிகள் போல அவையெல்லாம் ஒருங்கே அசைகின்றன. எந்தக் கொடி எதற்கு மேலே என்று அவர் வரிசை செய்யவில்லை. வெற்றிக் கொடிக்கும் கள்ளுக்கடைக் கொடிக்கும் ஒரே காற்று.

அந்நகரத்தில் கள் வேறு இடங்களிலும் வருகிறது. திருமாலுக்குரிய ஓண நன்னாளில், சேரிப்போர் நிகழ்த்தும் மறவர் கடுங்கள்ளின் தேறலை உண்டு களித்துத் திரிகிறார்கள். விடியலில் நகரம் கண்விழிக்கும் ஒலிகளுள் கள் விற்போர் விலைகூறும் குரலும் ஒன்று. மதுரையின் வைகறை என்றதும் மறையோதும் ஒலியையும் பண் இசைக்கும் யாழையும் எடுத்துக்காட்டும் கட்டுரைகள் அக்குரலை விட்டுவிடுவது வழக்கம். புலவர் விடவில்லை.

இனி, அதே பாட்டில் பகைவர் நாடு. நாடு காடாயிற்று. பசுக்கள் தங்கிய இடத்தில் விலங்குகள் தங்குகின்றன. ஊர் இருந்த இடம் பாழ். அவை கூடிய பொதியிலில் பேய்மகளிர் ஆடுகிறார்கள். உழுத வயலில் காட்டுப்பன்றிகள் துள்ளுகின்றன. பெருமனைகள் வீழ, கரிந்த நெற்குதிர்களில் கூகை அலறுகிறது. செழுங்குடிகள் உறவினர் நிழலைத் தேடிச் செல்கின்றன. ஒளிரும் வளை அணிந்த இளமங்கையர் துணங்கைக் கூத்தை மறந்தனர்.

இங்கே நின்று பார்க்கவேண்டும். கொற்கைச் சேரிக்கு அடையாக வந்த இலங்குவளை என்னும் அதே சொல்தான் இங்கும் வருகிறது. இடையே இருப்பவை இருபத்தைந்து அடிகளுக்கும் குறைவு. அங்கே அது கடலிலிருந்து எடுத்த சங்கு. இங்கே அச்சங்கை அறுத்துச் செய்த வளை. அங்கே மன்னனை விரும்புவோர் கள்ளுண்டு வாழ்கின்றனர். இங்கே மன்னனால் வீழ்ந்தோர் ஆட்டத்தை மறந்தனர். கொற்கையில் அறுத்த வளை வணிகர் வழியே எந்நாட்டுக் கைகளுக்கும் சென்றிருக்கும்; பாண்டியன் எரித்த ஊரின் பெண்ணும் அதை அணிந்திருப்பாள். தற்செயலாக வந்த சொல் என்று கூறுவோர் இருக்கலாம். 782 அடிகளைக் கட்டிய ஒருவர் தம் சொற்களை எண்ணாமல் இட்டார் என்று நம்புவது அதனினும் கடினம். கரிந்த குதிரும் அவ்வாறே. குதிரில் நெல் இல்லாத ஊரில் கள் அடுவார் யார்?

மாங்குடி கிழார் என்ற பெயரில் புறநானூற்றில் உள்ள 24ஆம் பாட்டும் இதே மன்னன்மேற்று. இருவரும் ஒருவரே என்பது பொதுவான கருத்து. அதில் ஒரு கடற்கரை வருகிறது. வெயிலை வெறுத்த உழவர் அலைமேல் பாய்கின்றனர். திண்ணிய திமிலையுடைய பரதவர் சூடேறிய மட்டினை உண்டு குரவை ஆடுகின்றனர். மகளிர் பனைநுங்கின் நீரும் கரும்புச்சாறும் இளநீரும் கலந்து உண்டு கடலில் பாய்கின்றனர். கண்ணுக்கினிய காட்சி. பாட்டின் இறுதியில்தான் தெரிகிறது, அது வேள் எவ்வியின் மிழலைக் கூற்றம் என்பது. அதனோடு தொன்முதிர் வேளிரின் முத்தூற்றுக் கூற்றத்தையும் நெடுஞ்செழியன் வென்று கைக்கொண்டான் என்பது. ஆடிய பரதவர் அதன் பின்னும் ஆடினரா என்ற கேள்வி பாட்டுக்கு வெளியே நிற்கிறது.

இவ்வளவு கண்டபின் மருதனார் மன்னனிடம் சொல்வது என்ன? பரந்த உலகத்தை ஆண்டு மாண்டோர், அலை ஒதுக்கிய மணலினும் பலர் என்கிறார். கடற்கரையிலிருந்து எடுத்த அளவை அது. வென்ற ஊரின் கரையிலும் அந்த மணல்தான். கொற்கையிலும் அந்த மணல்தான். நிலையாமையைக் கூற அவருக்குச் சுடுகாடு தேவைப்படவில்லை.

ஆயினும் பாட்டின் கடைசி அடிகள் சுடுகாட்டுக்கோ தவத்துக்கோ அழைக்கவில்லை. ஒளிரும் அணிகலன் பூண்ட மகளிர் பொற்கலத்தில் ஏந்தும் மணங்கமழும் தேறலை நாளும் உண்டு, உனக்கென வரையறுத்த நல்ல ஊழிக்காலத்தை மகிழ்ந்து வாழ்க என்று முடிக்கிறார். பால் மறந்த சிறுவன் தேறற்கலத்தின் முன் அமர்ந்துவிட்டான். 24ஆம் புறப்பாட்டும் ஏறக்குறைய இவ்வாறே முடிகிறது. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த குறளோடு வளர்ந்த பிற்கால வாசகர்க்கு இம்முடிவு உறுத்தும். அறிவுரை கூற வந்தவர் கடைசியில் விருந்து மண்டபத்துக்கு வழிகாட்டினார் என்று தோன்றும்.

அவ்வாறு கொள்வது அவசரம். போர் முடிந்த மன்னனுக்குப் புலவர் சொல்லக்கூடியது இரண்டு: அடுத்த போர், அல்லது இருந்து மகிழ்தல். மருதனார் இரண்டாவதைச் சொன்னார். இன்னும் எந்த ஊரைக் கொள்வாய் என்று அவர் கேட்கவில்லை. ஏந்திய கலத்தைக் கையில் வைத்திருப்பவன் அந்நேரத்துக்கேனும் வாளை வைத்திருக்கமாட்டான். தம் பாட்டைப் பணயம் வைத்துப் போர்க்குப் போன ஒருவனிடம், பாடுவதை நிறுத்தாமலே கூறக்கூடிய மறுப்பு இவ்வளவுதான் என்று அவர் எண்ணியிருக்கலாம். போதுமா என்பது வேறு கேள்வி. எரிந்த குதிரின் பக்கத்திலிருந்து பார்த்தால் போதாது.

அப்பொற்கலத்தில் இருந்தது எந்தத் தேறல் என்பதும் எண்ணத்தக்கது. இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் இன்னொரு பாண்டியனை நக்கீரர் வாழ்த்தும்போது (புறநானூறு 56), யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த தண்ணறுந் தேறலையே மகளிர் பொற்கலத்தில் ஊட்டட்டும் என்கிறார். யவனர் மதுச்சாடிகளின் துண்டுகள் வைகை கடலைச் சேரும் இடத்தருகே அழகன்குளத்தில் அகழாய்வில் கிடைத்தன. கப்பல் உருவம் கீறிய பானையோடு ஒன்றும் அங்கே வெளிப்பட்டது. நெடுஞ்செழியன் கலத்தில் இருந்ததும் கடல் கடந்து வந்ததாயின், கொற்கைப் பாக்கத்தின் கள் மதுரை அரண்மனையை அடையவே இல்லை. துறையில் இறங்கிய சாடி மேலே சென்றது, துறைக்குப் பக்கத்தில் விளைந்தது அங்கேயே உண்ணப்பட்டது.

பின்வந்த பாண்டியர் சின்னமனூர்ச் செப்பேட்டில் தம் முன்னோர் பெருமையை எழுதினர். தலையாலங்கானத்தில் இரு வேந்தரின் தலை துணித்தது அதில் இருக்கிறது. மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதும் மதுரையில் சங்கம் வைத்ததும் இருக்கின்றன. மாங்குடி மருதனார் பெயர் இல்லை. அது ஏட்டில் இருந்தது. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றியபோது, செப்பேடு விட்ட பாக்கமும் கரிந்த குதிரும் வைகறையில் விலைகூறிய குரலும் திரும்ப வந்தன.

கொற்கை இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சிற்றூர். வாழையும் நெல்லும் சூழ்ந்த அதன் வயல்வெளிக்கு அப்பால் தேரிப் பக்கம் பனைகள் நிற்கின்றன. 1987இல் கள் இறக்கத் தடை வந்தது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்குவது தொடர்ந்தது. மழைக்குப் பின் உழுத மண்ணில் அறுபட்ட சங்கின் வெள்ளைத் துண்டுகள் தென்படுவதுண்டு.